மீண்டும் ஜீனோவும் என் பெரியம்மாவும்



‘நான் படித்த நூல்’ பகுதிக்கு எழுதித் தரச் சொன்னபோது, ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று தமிழம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். முடியவில்லை அம்மா, மன்னிக்கவும். மூன்று சார்ட் ஆகிவிட்டது. கால் வலிக்கிறவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு, சாப்பாட்டு மணி அடித்த பிறகு வந்து மீதியைப் படிக்கலாம். சுவர் எங்கேயும் போகாது!

போன மாத இதழில் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் ஹாரி பாட்டர் ஐந்தாம் பாகத்தைப் பற்றி எழுதியிருந்தார். முதல் மூன்று பாகங்களில் இருந்த விறுவிறுப்பு இதில் இல்லை, சும்மா இழுக்கிறார்கள் என்று முடித்திருந்தார். அதைப் படித்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒரு பழைய சண்டை ஞாபகத்துக்கு வந்தது. எட்டாவது படிக்கும்போது நானும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன், வேறு ஒரு கதைக்கு. அதைக் கேட்டவர் என் பெரியம்மா. அன்று மத்தியானம் முழுக்க பெரியம்மா என்னோடு பேசவில்லை.

அந்தக் கதை சுஜாதாவின் ‘மீண்டும் ஜீனோ’. ‘என் இனிய இயந்திரா’ நாவலின் இரண்டாம் பாகம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் வாராவாரம் தொடராக வந்தது. நம்மில் பல பேர் ‘எந்திரன்’ படம் பார்த்திருப்போம், சிட்டி ரோபோவைத் தெரியும். ஆனால் அதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்னாலேயே தமிழில் ஒரு ரோபோ நாய்க்குட்டி பேசிக்கொண்டும் புத்தகம் படித்துக்கொண்டும் கிண்டலடித்துக்கொண்டும் இருந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? அதுதான் ஜீனோ.

சுஜாதா என்பது அவர் மனைவியின் பெயர். அவருடைய சொந்தப் பெயர் ரங்கராஜன். 1935-ல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். நம் பள்ளியிலேயே தேர்தல் அன்று கொண்டு வந்து வைப்பார்களே, அந்த மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம், அதை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 2008 பிப்ரவரி 27 அன்று காலமானார். ஓட்டுப் போடும் பெட்டியில் வேலை செய்த மனிதர், ஓட்டே இல்லாத ஒரு நாட்டைப் பற்றிக் கதை எழுதினார் என்பது எனக்கு இன்னமும் வேடிக்கையாக இருக்கிறது.

கதை நடப்பது 2021-ஆம் வருடம். நாட்டை ஆள்வது ஜீவா என்ற சர்வாதிகாரி. யாருக்கும் பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ... எண்ணிப் பாருங்கள், எல்லாம் இரண்டே எழுத்து! (நம் வகுப்பில் இந்தச் சட்டம் வந்தால் மூன்று பேர் மட்டும்தான் பெயர் மாற்றாமல் தப்பிப்பார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டேன்.) குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும். நிலாவும் சிபியும் கணவன் மனைவி. அவர்கள் வீட்டில் இடம் ஒதுக்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ரவி என்று ஒருவன் ஜீனோவோடு வந்து நிற்கிறான். பிறகு சிபி காணாமல் போகிறான். வீட்டுக்குள்ளேயே இருந்து, சொன்னதைக் கேட்டு வளர்ந்த நிலா, கணவனைத் தேடி வெளியே வருகிறாள். அவளுக்கு அந்த நாட்டில் இருக்கும் ஒரே துணை அந்த நாய்க்குட்டிதான்.

இயற்பியல் வகுப்பில் ‘ரோபோ’ என்ற சொல் காரல் சாபெக் என்ற செக் எழுத்தாளரின் நாடகத்தில் இருந்து வந்தது என்று ஐயா சொன்னார். அந்த நாடகம் பிராக் நகரில் மேடையேறியது 1921-ல். சுஜாதா ஜீனோவை வைத்தது சரியாக 100 வருடம் கழித்து, 2021-ல். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து நானே சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

நான் அந்தக் கதையைப் படித்ததும் அதே 2021-ல்தான். இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அப்போது ஏழாவது முடித்திருந்தேன். அம்மா செவிலியர். கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு விடாமல் வேலை. நான் வீட்டில் தனியாக இருக்கக் கூடாது என்று, முழு ஊரடங்கு போடுவதற்கு முன்பே ஏப்ரலில் என்னைச் சோமனூர் பக்கம் பெரியம்மா ஊட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மே கடைசியில் தினசரி தொற்றில் கோவை சென்னையையே தாண்டிப் போனது. அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு போனில் பேசுவார்கள். முகக்கவசம் போட்ட தழும்பு கன்னத்தில் தெரியும். அரை மணி நேரம் தாமதமானாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். அப்படி ஒரு ராத்திரி அம்மா போன் வரவே இல்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். பெரியம்மா எழுந்து போய் பீரோவின் அடித்தட்டில் இருந்து, பழைய பட்டுச்சேலை ஒன்றுக்குள் சுற்றி வைத்திருந்த ஒரு கட்டை எடுத்து வந்தார்கள்.

விகடனில் வந்த தொடரை வாராவாரம் கத்தரித்து, மில்லில் வேலை பார்த்த எங்கள் அப்பிச்சி பைண்டு செய்து கொடுத்தது. காலிகோ அட்டை. பக்கங்கள் பழுத்துப் போய், ஓரம் தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. பின்பக்கத்தில் பாதி ஜோக்கும் கால்வாசி விளம்பரமும் கிடக்கும். ஜோக்கின் மீதிப் பாதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அவற்றுக்கெல்லாம் என்ன முடிவு என்று நாங்களே யோசித்துச் சிரிப்போம்.

“படிச்சுட்டே இரு சாமி. உங்கம்மா போன் வந்துரும்” என்றார்கள். பதினொன்றரைக்கு வந்தது. அதற்குள் ஜீனோ என் கூட்டாளி ஆகிவிட்டது.

கடைசிப் பக்கம் வரைக்கும் முடித்துவிட்டு, “அடுத்த பாகம் எங்க பெரியம்மா?” என்று கேட்டேன். “அது என்ற கிட்ட இல்ல கண்ணு” என்றார்கள். ஏன் இல்லை என்பது அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

முதல் பாகம் வந்தபோது பெரியம்மா பத்தாவது படித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் படிப்பார்களாம். டீச்சர் ட்ரெயினிங் சேர வேண்டும் என்பது ஆசை. விகடன் வீட்டுக்கு வரும் அன்று பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து, அப்பிச்சி கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து முதலில் ஜீனோதான். இரண்டாம் பாகம் வருவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. பதினேழு வயது. வந்த வீட்டில் எட்டுத் தறி. காலையில் ஐந்து மணிக்குத் தார் போட உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி ஆகிவிடும். விகடன் வாங்குகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. பொட்டப்புள்ளைக்குக் கதைப்புத்தகம் எதற்கு என்று கேட்கிற காலம் அது. தீபாவளிக்குப் பிறந்த ஊட்டுக்குப் போனபோது, பழைய விகடன்களை அம்முச்சி எடைக்குப் போட்டிருந்தார்களாம். ஜீனோ திரும்பி வந்திருக்கிறது என்ற சேதி மட்டும் காதில் விழுந்தது. என்ன ஆனது என்பது தெரியாது.

அப்புறம்தான் நான் சொல்ல வந்த விஷயம். பெரியம்மா சும்மா இருக்கவில்லை. இரண்டாம் பாகத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டார்கள்! தார் போடுகிற வேலைக்குக் கை மட்டும் போதும், மனசு எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். கண்டிலிருந்து நூல் ஓடி ஓடித் தாரில் ஏறும். பெரியம்மா மனசுக்குள் நிலாவும் ஜீனோவும் ஓடிக்கொண்டிருப்பார்கள். எழுதி வைக்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, 2021-ல் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு எனக்குத்தான் முதலில் சொன்னார்கள்.

அவர்கள் கதையில் நிலா ராணி ஆவதில்லை. “அவளுக்கு என்னத்துக்குக் கண்ணு அந்த நாற்காலி? ஜீனோவக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டா. டீச்சர் ட்ரெயினிங் சேர்ந்துட்டா. ஜீனோ ராத்திரில அவளுக்குப் பாடஞ் சொல்லித் தருது. பரீச்சைல காப்பி அடிக்கச் சொல்லித் தர மாட்டேங்குது. அதுல ரெண்டு பேருக்கும் சண்டை.” சிபி கிடைத்தானா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தேடிட்டே இருக்கறாங்க... கெடைக்கும்” என்றார்கள்.

2021 கடைசியில் அண்ணன் (பெரியம்மா மகன்) உக்கடம் பழைய புத்தகக் கடையில் ‘மீண்டும் ஜீனோ’வைப் பார்த்து வாங்கிவந்தான். முன் அட்டை கிழிந்திருந்தது. அடுத்த மாதமே ஒமைக்ரான் என்று சொல்லி 2022 ஜனவரியில் மறுபடி பள்ளிக்கு விடுமுறை. நான் மறுபடி சோமனூர் போனேன்.

அந்த ஜனவரியில்தான் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்தப் பக்கம் பெரும்பாலும் கூலி நெசவுதான். துணி வியாபாரிகள் பாவு நூல் தருவார்கள், தறிக்காரர்கள் நெய்து கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். அந்தக் கூலி வருடக்கணக்கில் உயராமலே கிடந்தது. தறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நின்றன. விசைத்தறி ஊரில் தறி நின்றால் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எந்நேரமும் டடக் டடக் என்று தரையே அதிர்ந்துகொண்டிருக்கும் தெருவில், காக்கா கத்துவது கேட்கும். எதிர் ஊட்டில் தாளிப்பது கேட்கும். பெரியப்பா நின்றுபோன தறியைத் துடைத்துவிட்டு, எண்ணெய் போட்டுவிட்டு, மறுபடி துடைத்துக்கொண்டிருப்பார். பெரியம்மாவுக்கு மட்டும் கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பகலில் உட்கார நேரம் கிடைத்தது.

நான் சத்தமாகப் படிப்பேன். பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டோ அரிசி புடைத்துக்கொண்டோ கேட்பார்கள். பெரியப்பா கேட்காத மாதிரி தினத்தந்தியை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்பார். எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் பேப்பருக்குப் பின்னால் இருந்து, “அந்த நாய்க்குக் கரண்டு பில்லு யாரு கட்டறது?” என்று குரல் வந்தது.

(முதல் பாகம் படிக்காதவர்கள், இனிமேல் படிக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இந்த ஒரு பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) முதல் பாகத்தில் பெரிய அதிர்ச்சி, ஜீவா என்று ஒரு ஆளே இல்லை என்பது. நாடே பயப்படும் அந்தத் தலைவர் வெறும் ஹாலோகிராம், ஒளியால் ஆன பிம்பம். (இந்த முறையைக் கண்டுபிடித்த டென்னிஸ் காபர் என்பவருக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது.) இரண்டாம் பாகத்தில் ஜீவா இல்லை. நிலாதான் அரசி. ஆனால் ஆள்வது அவள் இல்லை. ரவியும் மனோவும் அவளை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் இருந்து எல்லாவற்றையும் நடத்துகிறார்கள். முன்பு ஒளிப் பிம்பம் இருந்த இடத்தில் இப்போது உயிருள்ள ஒரு பெண், அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டாவது படிக்கிற எனக்கு இது பிடிக்கவே இல்லை. முதல் பாகத்தில் ஒவ்வொரு அத்தியாயமும் “அய்யோ, அடுத்து என்ன?” என்று முடியும். யார் நல்லவன், யார் கெட்டவன் என்று தெரியாமல் அலைய வைப்பார் சுஜாதா. இரண்டாம் பாகத்தில் ஆரம்பத்திலேயே கெட்டவர்கள் யார் என்று தெரிந்துவிடுகிறது. அப்புறம் என்ன இருக்கிறது? நிலா பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள். பத்து அத்தியாயம் கூடப் படித்திருக்க மாட்டேன், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னேன்: “போங்க பெரியம்மா. ராணி ஆகியும் இவ ஒண்ணுமே செய்யறதில்ல. பொம்மை மாதிரி உக்காந்திருக்கா. சுஜாதா சும்மா இழுக்கறாரு. உங்க கதையே நல்லாருந்துச்சு.”

பெரியம்மா சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துத்தான் கடைசி வரியைச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தார்கள்.

“ராணின்னு பேரு வெச்சாப் போதுமா? சாவி யாருகிட்ட இருக்குது, அதைப் பாரு.”

எனக்குப் புரியவில்லை.

“இந்த ஊட்டுக்கு வந்தன்னைக்கு மகாலச்சுமி வந்துட்டான்னுதான் அத்தனை பேருஞ் சொன்னாங்க. ஆரத்தி எடுத்தாங்க. நூல் ரூம் சாவி என்ற கைக்கு எப்ப வந்துச்சு தெரியுமா? என்ற மாமியார் போய்ச் சேர்ந்த பொறகு. இருவத்திநாலு வருசம். அவ ஒண்ணுஞ் செய்யலீங்கற... ஒண்ணுஞ் செய்ய உடாம வெச்சிருக்கறாங்க. அது வேற, இது வேற.”

அவ்வளவுதான் பேச்சு. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்கள். பெரியப்பாவின் பேப்பர் கொஞ்சம் கூட அசையவில்லை. சாயங்காலம் அவரே காபி போட்டுக் கொண்டுவந்து பெரியம்மா பக்கத்தில் வைத்தார். அந்த வீட்டில் நான் அப்படிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டார். பெரியம்மா அப்படியே குடித்தார்கள்.

இந்த வருடம் அரையாண்டு விடுமுறையில் ‘மீண்டும் ஜீனோ’வை நானே தனியாக, முதலில் இருந்து கடைசி வரை இன்னொரு முறை படித்தேன். இப்போது என் கருத்து என்ன என்று கேட்டால், பாதி மாறியிருக்கிறது, பாதி மாறவில்லை.

மாறாத பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். கதைப்பின்னலில் முதல் பாகம்தான் கெட்டி. இதில் சில இடங்கள் அவசரமாக ஓடுகின்றன. வாராவாரம் தொடர் எழுதுகிறவருக்கு அது சகஜம் என்று தமிழம்மா சொன்னார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரியம்மா கேட்ட இன்னொரு கேள்விக்கு இரண்டு பாகத்திலும் தேடிப் பார்த்தேன், எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. “அந்த நாட்டுல எல்லாம் மிசினு, எல்லாம் டவுனு. செரி. அவிய கட்டற துணிய நெய்யறது யாரு? தறி ஓட்டறது மனுசனா, ஜீனோ மாதிரி நாயா?” படித்தவர்கள் யாராவது யோசித்துச் சொல்லுங்கள். அந்த உலகத்தில் ஆள்கிறவர்களும் சதி செய்கிறவர்களும் நன்றாகக் கண்ணுக்குத் தெரிகிறார்கள். மற்ற ஜனங்கள் கூட்டமாக மட்டும்தான் தெரிகிறார்கள். சுஜாதாவின் தீவிர ரசிகர்கள் என்னை அடிக்க வரலாம். பன்னிரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவில் கடைசி பெஞ்சில் இருப்பேன்.

மாறிய பாதி ஜீனோ. முதல் பாகத்தில் ஜீனோ புத்திசாலி. நிலாவுக்குத் தெரியாததெல்லாம் அதற்குத் தெரியும். அதோடு சரி. இரண்டாம் பாகத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதோ ஆகிக்கொண்டு வருகிறது. இயந்திரத்துக்கு வரக் கூடாத உணர்ச்சிகள் எல்லாம் அதற்கு வர ஆரம்பிக்கின்றன. நான் எட்டாவதில் இந்த இடங்களை எல்லாம் “சீக்கிரம் கதைக்கு வாங்கப்பா” என்று வேகமாகத் தாண்டியிருக்கிறேன். இப்போது பார்த்தால் அதுதான் கதை. முதல் பாகம் ஜீவா யார் என்று கேட்கிறது, இந்தப் பாகம் ஜீனோ யார் என்று கேட்கிறது. முன்னதற்கு ஒரே வரியில் பதில் உண்டு. பின்னதற்கு அப்படி ஒரு வரி இல்லாததால்தான் விறுவிறுப்பு குறைந்த மாதிரி எனக்குப் பட்டிருக்கிறது.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். சோனி நிறுவனம் 1999-ல் ஜப்பானில் ஐபோ என்று ஒரு ரோபோ நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2014-ல் பழுது பார்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் ஓடாமல் நின்றுபோன ஐபோக்களைப் பிரித்து, மற்ற ஐபோக்களுக்கு உதிரி பாகம் எடுக்க வேண்டிய நிலை. பிரிப்பதற்கு முன்னால் அவற்றுக்கு இசுமி என்ற ஊரில் ஒரு புத்தர் கோயிலில் இறுதிச் சடங்கு நடத்தினார்கள், மந்திரம் சொல்லி! வரிசையாக அந்த நாய்களை அடுக்கி வைத்திருக்கும் படத்தைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மேலும் அதை வளர்த்த குடும்பத்தின் விவரம் எழுதிய அட்டை தொங்கியது. திருகாணியும் மோட்டாரும்தான் என்று தெரிந்தும் அவர்களுக்கு அப்படிப் போட்டுவிட மனசு வரவில்லை. சுஜாதா இந்தக் கதையை எழுதும்போது ஐபோ பிறக்கவே இல்லை.

தொடர்கதை என்றால் அடுத்த பாகம் முதல் பாகம் மாதிரியே இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படி இருந்தால் “அதையே திரும்ப எழுதிவிட்டார்” என்கிறோம், இல்லாவிட்டால் “பழைய மாதிரி இல்லை” என்கிறோம். எழுதுகிறவர்கள் பாவம்! கானன் டாயில் 1893-ல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கதையை முடித்துவிட்டார். வாசகர்கள் விடவில்லை. பத்து வருடம் கழித்து 1903-ல் ஹோம்ஸ் உயிரோடு திரும்பி வந்தார். திரும்பி வந்த ஹோம்ஸ் பழைய ஹோம்ஸ் இல்லை என்று அப்போதும் முணுமுணுத்தவர்கள் இருந்தார்களாம். ஹாரி பாட்டர் ஐந்தாம் பாகத்தைப் பற்றி எழுதிய தம்பி இதைப் படித்தால், கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அந்தப் புத்தகம் படித்தேன். அதில் ஹாரி எந்நேரமும் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறான், உண்மைதான். அவனுக்குப் பதினைந்து வயது, அவன் சொல்வதை யாரும் நம்ப மறுக்கிறார்கள், பின்னே சிரித்துக்கொண்டா இருப்பான்? அதை இழுவை என்று சொல்வதா என்று மட்டும் இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். எனக்கும் அதற்கு நாலு வருடம் பிடித்தது.

இத்தனை எழுதியும் முடிவு என்ன என்று சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொல்லாததற்குப் படிக்கப் போகிறவர்கள் மட்டும் காரணமில்லை. பெரியம்மாவுக்கே இன்னும் முடிவு தெரியாது.

அந்த ஜனவரிக்குப் பிறகு பள்ளி திறந்துவிட்டார்கள், நான் கோவைக்கு வந்துவிட்டேன். புத்தகம் அங்கேயே இருந்தது. கூலி பேசி முடிந்து தறிகளும் ஓட ஆரம்பித்தன. பெரியம்மா தானே மெல்ல மெல்லப் படித்துக்கொண்டு வந்தார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரு நாளைக்கு ஐந்தாறு பக்கம். அடையாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை நூல் துண்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் நூல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசி அத்தியாயத்தின் தொடக்கத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஒன்றரை வருடமாக அங்கேதான் இருக்கிறது.

அரையாண்டு விடுமுறையில் நான் படிக்கக் கேட்டபோதும், நூலை அந்தப் பக்கத்திலேயே வைத்துத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். “இன்னும் பத்துப் பக்கந்தானே பெரியம்மா, நான் படிச்சுக் காட்டட்டுமா?” என்றேன்.

“இருக்கட்டும் கண்ணு. அது என்னமோ ஆயிட்டுப் போவுது. என்றது இன்னும் முடியல” என்றார்கள். சுஜாதாவின் கதையைச் சொல்லவில்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பெரியம்மா கதையில் நிலா இப்போது ட்ரெயினிங் முடித்துவிட்டாளாம். வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நம் பள்ளியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

– பன்னிரண்டாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி

(பின்குறிப்பு: ‘என் இனிய இயந்திரா’ கேட்டு ஏற்கெனவே நான்கு பேர் வந்துவிட்டார்கள். பைண்டிங்கைத் தர முடியாது, தொட்டால் உதிரும். இரண்டு பாகங்களும் புத்தகமாகக் கிடைக்கின்றன. ஆர்.எஸ்.புரம் மாவட்ட மைய நூலகத்திலோ உக்கடத்திலோ தேடிப் பாருங்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்கள் என்னிடம் பேச வேண்டாம்.)